காசிக்குப் போகாத மதினி

எங்கள் மதினி ஒரு இடத்துக்குப் போவோம் என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அவளிடம் பேசுவது அரைத்த மாவையே அரைக்கிற வேலை. மழை வரும் என்று சொல்லலாம், குடை எடுத்துக்கொள்வாள். பிள்ளைக்குச் சளி என்று சொல்லலாம், சுக்கு எடுத்துக்கொள்வாள். ஊர் சிரிக்கும் என்று சொன்னால் மட்டும் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டாள். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பல்லு அவங்க பல்லுதான?" என்பாள்.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. வாசுதேவநல்லூரில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் முடிந்து கூண்டு வண்டியில் அழைத்து வந்தபோது, புதுப்பெண் முகம் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று முன்னும் பின்னும் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்களாம். வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது திரை இல்லை. அதைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுத்துக்கொண்டு, பட்டுச் சேலையும் மாலையுமாக மதினி வெளியே எட்டிப் பார்த்தபடி வந்தாள். ஆரத்தித் தட்டோடு நின்ற என் அம்மாவுக்கு அப்படியே கை இறங்கிவிட்டது.

"என்னட்டி இது?" என்று கேட்டாளாம்.

"வழியில என்னென்ன ஊரு கிடக்குன்னு பாக்காம எப்படி அத்தை வாரது? திரும்பிப் போகணும்னா வழி தெரிய வேண்டாமா?"

"வந்து இறங்கல, அதுக்குள்ள திரும்பிப் போக வழி பாக்குதா" என்று அம்மா அன்றைக்கு ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவே இல்லை.

மதினி குள்ளம். நல்ல கறுப்பு. நடந்தால் கூட வருகிறவர்கள் ஓடவேண்டும். கோவிலுக்குப் போனால் சாமி கும்பிடும் நேரத்தைவிட வாசலில் நிற்கும் நேரம்தான் அதிகம். தென்காசிக் கோவில் வாசல் காற்று எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எங்கள் காலத்தில் கோபுரம் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றது. அதன் அடியில் நின்று, வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஒருவர் விடாமல் விசாரிப்பாள். உங்கள் ஊரில் அரிசி என்ன அரிசி, கிணற்றுத் தண்ணீர் உப்பா தித்திப்பா, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? எனக்கு வெட்கமாக இருக்கும். அவளுக்கு வெட்கத்துக்கு நேரம் இருந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பெரியவளான அன்று உள்ளறைக்குள் போனவள். கல்யாணத்துக்கு ஒரு முறை வெளியே வந்தேன். மூன்று வருஷத்தில் வெள்ளைச் சேலையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி, அதே உள்ளறைக்குள் போனேன். கோவிலும், சாரல் காலத்தில் குற்றாலமும் உண்டு. அதுவும் நல்ல காரியத்துக்குப் போகிற யார் கண்ணிலும் படாத நேரமாகப் பார்த்து. மதினிக்குச் செண்பகம், வடிவு என்று இரண்டு பெண்கள், கடைக்குட்டி சங்கரன். அந்தப் பிள்ளைகள்தான் எனக்குப் பேச்சுத்துணை.

எல்லாம் தொடங்கியது குற்றாலத்தில். ஆடி மாதம் அங்கே ஒரு வீடு பிடித்துத் தங்கியிருந்தோம். அருவிக்கரையில் மலையாளத்துக் குடும்பம் ஒன்று குளித்துவிட்டு நின்றது. வடிவுக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

"ஆச்சி, இவங்க எங்க இருந்து வாராங்க?" என்று என் அம்மாவைக் கேட்டாள்.

"மலைக்கு அந்தப் பக்கம்."

"மழையும் அங்கன இருந்துதான வருது?"

"ஆமா."

"அப்ப அங்கன உள்ளவங்க எப்பவும் நனைஞ்சுக்கிட்டேதான் இருப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு வயசுப் பெண், தங்கைக்குப் பொறுப்பாக விளக்கம் சொன்னாள்: "ஆமாட்டி. அதான் பாரு, பொம்பளையாளுக எல்லாம் தலையை முடியாம விரிச்சே போட்டிருக்காங்க. காயணும்லா."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். மதினி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"மெய்யாவே சொல்லுதா கோமு. விளையாட்டுக்குச் சொல்லல. இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, அப்புறம் இவளைப் பிடிச்சு உள்ள வச்சிருவீங்க. அங்கன இருந்து சிவகிரிக்காரன் வீட்டு உள்ளறை. இந்த மலைக்கு அந்தப் பக்கம் மனுசங்க காய்ஞ்சு இருக்காங்களா நனைஞ்சு இருக்காங்களான்னு தெரியாமலே இவ கிழவி ஆயிருவா."

சிவகிரியில் ஒரு பெரிய வீட்டுக்குச் செண்பகத்தைக் கொடுப்பதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆக மதினிக்கு இருந்தது அந்தப் பிள்ளை பெரியவளாகும் வரையுள்ள காலம்தான். அதற்குள் அவளுக்கு உலகத்தைக் காட்டிவிட வேண்டும் என்று அந்தப் பாறைமேல் நின்றே முடிவு கட்டிவிட்டாள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இருந்து வருகிறேன் என்று சொன்னால் எந்த மாமியார் விடுவாள்? மதினிக்குப் பொய் வராது. ஆனால் நாளும் கிழமையும் பார்க்கத் தெரியும். பிரதோஷத்தன்று, ஊர்ப் பெண்களெல்லாம் கூடியிருந்த சந்நிதியில், "பிள்ளைகளோட காசிக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். காசிக்கு என்று வாய் திறந்தவர்களைத் தடுத்தால் தடுத்தவர்களுக்குப் பாவம். அம்மாவுக்கு அது தெரியும். மதினிக்கும் தெரியும்.

"தெக்கத்திக் காசியில இருந்துக்கிட்டு வடக்கத்திக் காசி எதுக்குட்டி? இங்கன இருக்க விசுவநாதர் உனக்குப் போதாதா?" என்று அம்மா வீட்டுக்கு வந்து பொருமினாள்.

"இவரைத்தான் தினமும் பாக்கேன்லா அத்தை."

அண்ணன் அம்மாவுக்கு முன்னால் வாய் திறக்காத மனுஷன். ஆனால் மதினி போகிற ஊருக்கெல்லாம் மணியார்டர் தவறாமல் அனுப்பிய மனுஷன். மதினியின் சீதன வயல் இலஞ்சியில் இருந்தது. அதன் குத்தகைதான் வழிச்செலவு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காவலுக்கு நான் கூடப் போகவேண்டும். என்னைத் தனியாக அழைத்து, "வழியில எங்கனயாவது செண்பகம் பெரியவளானா, அன்னைக்கே தந்தி கொடுத்துட்டு வண்டியேத்திக் கூட்டிட்டு வந்துரணும். உன் அண்ணன் பிள்ளை மானம் உன் கையில" என்றாள். நான் தலையாட்டினேன். அதுவரை என் கையில் யாரும் எதையும் கொடுத்ததில்லை.

அவரவர் தூக்க முடிந்ததுதான் அவரவர் சாமான் என்பது மதினியின் சட்டம். சங்கரன்கூடத் தன் துணியையும் ஒரு செம்பையும் தானே மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். ரயில் செங்கோட்டை தாண்டி, மலையைக் குடைந்த இருட்டுக்குள் போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். புனலூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் நனைந்திருந்தார்கள்.

"நான் சொன்னேன்லா!" என்றாள் வடிவு.

மதினி விடவில்லை. "நாலு நாள் இருந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாள். கொல்லத்தில் இறங்கி நாலு மாதம் இருந்தோம்.

எங்கு போனாலும் அவளுடைய வழி அதுதான். கோவில் பார்த்து, கடல் பார்த்து, மறுவண்டி ஏறுவது அவளுக்குப் பிடிக்காது. "அது ஊரு பாக்கிறது இல்ல, ஊரு நம்மளைப் பாக்கிறது" என்பாள். வீடு பிடித்து அடுப்பு மூட்டவேண்டும். அந்த ஊர் அரிசி, அந்த ஊர் மீன்காரியின் சண்டை, அந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டு. கடைக்குப் பிள்ளைகள்தான் போகவேண்டும், அந்த ஊர்ப் பேச்சில்தான் கேட்கவேண்டும். முதல் வாரம் சங்கரன் உப்பு வாங்கப் போய் அழுதுகொண்டே வெறுங்கையோடு வந்தான். அன்று உப்பில்லாமல்தான் சாப்பிட்டோம். மறுநாள் உப்பு வந்தது.

ஆலப்புழையில் வீட்டுக்காரர் வீட்டைத் திறக்க மாட்டேன் என்றார். ஆண்துணை இல்லாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வழக்கம் இல்லையாம். மதினி சங்கரனை முன்னால் தள்ளினாள். "இந்தா நிக்குதான்லா ஆம்பளை." சங்கரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தான் கற்றிருந்த மலையாளத்தில் வாடகை எவ்வளவு என்று கேட்டான். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கயிறு திரிக்கிற பெண்களோடு எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து தேங்காய் நார் திரித்தார்கள். எங்கள் ஊரில் என்றால் நாங்கள் வாசல்படி மிதிக்காத சாதி வீடுகளில் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். நான் முதலில் வாசலிலேயே நின்றேன். "மதினி, இது ஊருக்குத் தெரிஞ்சா?" என்றேன். "கஞ்சி நல்லா இருந்துதான்னு கேளு முதல்ல" என்றாள். நல்லாத்தான் இருந்தது. நானும் ஒரு நாள் குடித்தேன்.

அண்ணன் கடிதத்தில், காசிக்குப் போயாச்சா என்று அம்மா கேட்பதாக எழுதுவார். "போய்க்கிட்டே இருக்கோம்" என்று மதினி பதில் எழுதுவாள். அது பொய்யில்லை. காசி வடக்கே இருக்கிறது. நாங்களும் வடக்கே தானே போய்க்கொண்டிருந்தோம். கொச்சி வரை படகு, அங்கிருந்து ரயில். கோழிக்கோடு போய்ச் சேர்ந்தபோது வீட்டை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அங்கேதான் செண்பகம் பெரியவளானாள்.

காலையில் செண்பகம் மூலையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு வீட்டுக்குப் போகணும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊர்ல வச்சுத்தான நடக்கும்? மாமா வந்து ஓலை கட்டுவாக, எல்லாரும் வருவாக. எனக்கு மட்டும் ஏன் இங்கன, ஆருமே இல்லாம?"

அந்தக் குழந்தை கேட்டதில் தப்பு என்ன? எனக்கு மதினிமேல் ஆத்திரமாக வந்தது. "நான் தந்தி கொடுக்கப் போறேன் மதினி. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன்.

"கொடு. நான் மறிக்கலை" என்றாள். "ஆனா முதல்ல பிள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டுப் போ."

"நானா?"

"அத்தைதான ஊத்தணும்? நீதான அத்தை?"

"நான் தாலியறுத்தவ மதினி."

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொல்லுதேன். எம் மகளுக்கு நீதான் ஊத்தணும்."

பக்கத்து வீட்டில் ஒரு மாப்பிள்ளைமார் குடும்பம், மலையாளத்து முஸ்லிம்கள். மரக்கலத்தில் போய் வந்த பெரியவர் ஒருவர், அவர் சம்சாரம் ஆயிசும்மா. விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் நெய்யும் வெல்லமும் கொண்டு வந்தாள். தாய்மாமன் பச்சை ஓலை கட்டி, பிள்ளை தனியே இருக்கக் குச்சில் போடவேண்டும் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, பெரியவர் தன் தோட்டத்திலிருந்து தென்னோலை வெட்டித் தானே இழுத்து வந்து போட்டார். "அம்மாவன் ஞான்" என்றார். மாமன் நான் என்று அர்த்தம். செண்பகம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

நான் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் அவள் தலையிலிருந்து வழிந்தது. எங்கள் வீட்டில் என்றால் அந்த நேரத்தில் என்னை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். இன்னொரு செம்பும் மொண்டு ஊற்றினேன். அன்று நான் தந்தி ஆபீசுக்குப் போகவில்லை. கையெல்லாம் மஞ்சள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

தீட்டுக் கழிந்த பிறகும் செண்பகம் வீட்டுக்குப் போகணும் என்பதை விடவில்லை. பிடிவாதத்தில் தாய்க்குத் தப்பாத பிள்ளை. கடைசியில் மதினி ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி, போவோம். உனக்குப் பிடிக்காத ஊருக்கு உன்னை இழுத்துட்டுப் போறதுக்கு நான் கிளம்பி வரலை" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "நீயே ஸ்டேசனுக்குப் போய் டிக்கெட் வாங்கிட்டு வா. அத்தை கூட வருவா. ஆனா வாயைத் திறக்க மாட்டா."

நானும் செண்பகமும் கிளம்பினோம். முதல் தாவணி, பாதையெல்லாம் அதைச் சரிசெய்துகொண்டே வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அத்தை, ஊருக்குப் போனப்புறம் நான் இப்படி ரோட்டுல நடக்க முடியுமா?"

மதினி வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது டிக்கெட்டுக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். "முடியாது" என்றேன்.

"எது வரைக்கும்?"

"கல்யாணம் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"சிவகிரிக்காரங்க விட்டா."

"நீ எப்ப அத்தை வெளிய வந்த?"

"இப்பத்தான். உங்க அம்மா கூட."

தாவணியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நடை வேகமானது. நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் குனிந்து பார்த்தார். எங்கே என்றார். செண்பகம் மலையாளத்தில், "மங்களூர்" என்றாள். மங்களூர் இன்னும் வடக்கே.

"எத்தனை?"

"மூணு முழுசு, ரெண்டு அரை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, நீ அரையில் போகலாமே என்று கேட்டார். "இல்ல, முழுசுதான்" என்றாள்.

வீட்டு வாசலில் மதினி மூட்டை முடிச்சுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தென்காசிக்குத்தான் என்று நம்பியிருந்தாள் பாவம், முகம் வாடிக் கிடந்தது. செண்பகம் டிக்கெட்டை அவள் கையில் வைத்து, "மங்களூர்ம்மா" என்றாள். மதினி டிக்கெட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவிழ்ந்திருந்த மகள் பின்னலை எடுத்துக் கட்டிவிட்டாள். அன்றே அண்ணனுக்கு எழுதினாள்: செண்பகம் பெரியவளானாள், தண்ணீர் ஊற்றிவிட்டோம், மங்களூர் போகிறோம். எதையும் மறைக்கவில்லை.

மங்களூர், குடகு, மைசூர், மதராஸ் என்று சுற்றி நாங்கள் தென்காசியில் வந்து இறங்கியபோது, சிவகிரிக்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் காசித் தீர்த்தம் கேட்டுக் கிண்ணத்தோடு வந்தார்கள். "காசிக்குப் போகலை. போற வழியிலயே அம்புட்டு ஊரு கிடந்துச்சு" என்று மதினி சொன்னாள். கிண்ணங்கள் அப்படியே திரும்பின. சேதி அவற்றுக்கு முன்னால் தெருமுனை போய்ச் சேர்ந்தது.

அம்மா கூடத்தில் நின்றாள். உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே செண்பகத்துக்குப் புதுப் பாயும் தண்ணீர்ப் பானையும் வைத்திருந்தாள்.

"வயசுக்கு வந்த பிள்ளையை ஒரு வருசமா ரோடு ரோடா இழுத்துட்டு அலைஞ்சிருக்கியே, நீ ஒரு பொம்பளையா? பிள்ளை அங்கனயே வீட்டுக்குப் போகணும்னு சொல்லி அழுதிருப்பாளே?"

"அழுதா" என்றாள் மதினி. "நான்தான் இழுத்துட்டுப் போனேன். வைய்யணும்னா என்னைய வைய்யுங்க. பிள்ளைக்கு இதுல ஒண்ணும் இல்ல."

பொய்யே வராத மதினி சொன்ன பொய் அது. அவள் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அந்த ஒன்றுதான். செண்பகம் பேச வாயெடுத்தாள். மதினி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். செண்பகம் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இல்ல ஆச்சி. அம்மா திரும்பி வர்றதுக்குத்தான் சம்மதிச்சா. மங்களூருக்கு டிக்கெட் வாங்கினது நான்."

அம்மாவுக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தலைகுனிந்து நின்றார், ஆனால் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, உள்ள போ" என்றாள் அம்மா.

"போகல ஆச்சி."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு கேட்பதுபோல்தான் சொன்னாள். அம்மா, சொல்வதற்கு வேறு ஆள் இல்லாமல், என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி கோமதி, நீயாவது உள்ள போ. ஆளுக வார நேரம்."

அம்மா சொல்லை நான் என்றும் தட்டியதில்லை. மதினி என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. நானும் போகவில்லை.